சாராயம் கடத்திய கார் பந்தயத்தில் பாய்ந்தது!

நடு இரவு. மலைப் பாதை. ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் பள்ளம்.

கருப்பு நிறப் போர்டு கார் ஒன்று பாய்ந்து வருகிறது. முன் விளக்கு எரியவில்லை. நிலா வெளிச்சம்தான் வழி காட்டுகிறது. பின்னால் இன்னொரு கார் துரத்துகிறது. அதில் இருப்பவர்கள் அரசாங்க வரி அதிகாரிகள்.

முன்னால் போகும் காரில் பின் சீட்டு இல்லை. கழற்றி எறிந்துவிட்டார்கள். அந்த இடத்தில் கண்ணாடி ஜாடிகள். ஜாடி நிறையக் கள்ளச்சாராயம்! காரை ஓட்டுகிற வாலிபனுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அவன் பிடிபட்டால் சாராயம் போகும். காரும் போகும். அவன் ஜெயிலுக்குப் போவான். தப்பிவிட்டால், விடிவதற்குள் பட்டணத்தில் கை நிறையப் பணம்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், 1930-களில் இது அடிக்கடி நடந்த சங்கதி. இன்று அமெரிக்க மக்கள் லட்சக்கணக்கில் கண்டு களிக்கும் "நாஸ்கார்" மோட்டார் பந்தயம் இந்தத் துரத்தலில் வளர்ந்ததுதான். அதன் முதல் வீரர்களில் பலர், போலீசுக்குத் தப்பி ஓடியே கார் ஓட்டக் கற்றவர்கள்!

சோளம் விற்றால் சோறு இல்லை

அமெரிக்காவில் 1920-ம் ஆண்டு முதல் 1933-ம் ஆண்டு வரை நாடு முழுவதும் மதுவிலக்கு இருந்தது. பிறகு அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் கள்ளச்சாராயம் ஒழியவில்லை. தென் பகுதியில் பல மாவட்டங்கள் மதுவிலக்கைத் தொடர்ந்து வைத்திருந்தன. மற்ற இடங்களில் மதுவுக்கு வரி அதிகம். வரி கட்டாத சாராயம் விலை மலிவு. வாங்க ஆள் இருந்தார்கள்.

வட கரோலினா, ஜார்ஜியா மாநிலங்களின் மலைப் பகுதி மக்கள் மிகவும் ஏழைகள். அங்கே மக்காச்சோளம் விளையும். அதை மூட்டையாக்கிச் சந்தைக்குக் கொண்டு போனால், வண்டிக் கூலிக்கே சரியாகிவிடும். அதே சோளத்தைச் சாராயமாகக் காய்ச்சினால் பல மடங்கு காசு. தாத்தா காய்ச்சினார். அப்பா காய்ச்சினார். பிள்ளையும் காய்ச்சினான். அவர்கள் அதைக் குற்றம் என்றே நினைக்கவில்லை. அரசாங்கம் நினைத்தது!

காய்ச்சுவதைக் காட்டுக்குள் ஒளித்துச் செய்யலாம். கொண்டு போவதுதான் ஆபத்து. அதற்கு வேகமான கார் வேண்டும். அந்தக் காரைக் கொடுத்தவர் ஹென்றி போர்டு! 1932-ம் ஆண்டில் அவருடைய கம்பெனி எட்டு சிலிண்டர் என்ஜின் வைத்த காரை மலிவு விலையில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. குடும்பத்தார் கோவிலுக்கும் கடைக்கும் போவதற்காகச் செய்த கார். கடத்தல்காரர்கள் அதை வாங்கி வேறு வேலைக்கு வைத்துக் கொண்டார்கள்.

பட்டை போட்ட ஸ்பிரிங்

சாதாரணக் காரில் நூறு காலன் சாராயம் ஏற்றினால் பின்பக்கம் தரையில் உட்கார்ந்துவிடும். பார்த்த உடனே போலீசாருக்குத் தெரிந்துவிடும். ஆகவே பின் ஸ்பிரிங்குக்குக் கூடுதல் பட்டை போட்டு விறைப்பாக்கினார்கள். சுமை ஏற்றினால் கார் மட்டமாக நிற்கும். சுமை இல்லாதபோதோ, பின்பக்கம் தூக்கிக் கொண்டு நிற்கும்!

விறைப்பான ஸ்பிரிங்கில் இன்னொரு லாபமும் உண்டு. வளைவில் வேகமாகத் திரும்பும்போது கார் சாயாது. இந்த ஸ்பிரிங்கை நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் ஒரு பெரிய வழக்கே இதனால் வந்தது.

அட்லாண்டா நகரில் ரெட் வோட் என்று ஒரு மெக்கானிக் இருந்தார். போர்டு என்ஜினைப் பிரித்துப் போட்டு, வேகத்தைக் கூட்டிக் கொடுப்பதில் மன்னன். கடத்தல்காரர்கள் அவரிடம்தான் காரை விடுவார்கள். துரத்துகிற அதிகாரிகளும் அவரிடமே விடுவார்கள் என்று சொல்வதுண்டு. மெக்கானிக்குக் கூலி இரண்டு பக்கமும்!

வார நாளெல்லாம் இரவில் ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வாய்ச் சண்டை. "என் கார்தான் வேகம்!" "இல்லை, என் கார்தான்!" பேசித் தீராது. காரைத் திடலுக்குக் கொண்டு போய், மண்ணில் ஒரு வட்டம் போட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். ஊரே திரண்டு வேலி ஓரத்தில் நிற்கும். ஸ்டாக் கார் பந்தயம் இப்படித்தான் தென் பகுதியில் வேர் பிடித்தது.

"ஸ்டாக்" என்றால் கடையில் இருப்பில் உள்ள சரக்கு. யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கி ஓட்டக்கூடிய சாதாரணக் கார்தான் "ஸ்டாக் கார்". பந்தயத்துக்கு என்றே தனியாகச் செய்த கார் அல்ல. "இது நம் வீட்டுக் கார் மாதிரி இருக்கிறதே!" என்று ஜனங்கள் கூடினார்கள்.

சர்க்கரைக் கணக்கில் போன உயிர்

ஜார்ஜியாவில் டாசன்வில் என்ற மலை ஊர். அந்த ஊர்க்காரர் ரேமண்ட் பார்க்ஸ். பதினான்கு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பினார். சாராயம் கடத்தினார். பணம் சேர்த்தார். ஜெயிலுக்கும் போய் வந்தார். பிறகு பந்தயக் கார்களுக்கு முதலாளி ஆனார்.

அவருடைய காரை ஓட்டியவர் அவருக்கு உறவுப் பையன். பெயர் லாயிட் சீ. தங்கநிறத் தலைமுடி. ஒல்லியான தேகம். கடத்தலிலும் கெட்டிக்காரன். பந்தயத்திலும் கெட்டிக்காரன். ஒரு நாள் வேகமாகப் போனதற்காக ஒரு போலீஸ்காரர் அவனை மடக்கினாராம். அபராதம் பத்து டாலர். இவன் இருபது டாலர் கொடுத்தானாம். "திரும்பி வரும்போது நிற்க நேரம் இருக்காது. அதற்கும் சேர்த்து வாங்கிக் கொள்ளுங்கள்!" என்றானாம். உண்மையோ, கட்டிய கதையோ, தென் பகுதி முழுவதும் இன்றும் சொல்கிறார்கள்.

1941-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி. அட்லாண்டா லேக்வுட் மைதானத்தில் பெரிய பந்தயம். லாயிட் சீ ஜெயித்தான். ஒன்பது நாட்களுக்குள் இது அவனுக்கு மூன்றாவது வெற்றி!

மறுநாள் காலை அவன் உயிரோடு இல்லை.

சாராயம் காய்ச்சச் சர்க்கரை வேண்டும். அந்தச் சர்க்கரை வாங்கிய கணக்கில் உறவுக்காரர் ஒருவரோடு தகராறு. வாய்ப் பேச்சு முற்றியது. துப்பாக்கி வெடித்தது. சீ சுருண்டு விழுந்தான். வயது 21.

டாசன்வில்லில் அவனுடைய கல்லறை இருக்கிறது. கல்லறைக் கல்லில் அவன் ஓட்டிய போர்டு காரைச் செதுக்கி இருக்கிறார்கள். கார் ஜன்னலில் அவனுடைய முகம், புகைப்படமாகப் பதித்திருக்கிறது. அதை வைக்கச் செய்தவர் பார்க்ஸ்.

கடற்கரையில் ஒரு மெக்கானிக்

கதை இனி புளோரிடா மாநிலத்துக்குப் போகிறது. அங்கே டேடோனா கடற்கரை. மணல் சிமெண்டுத் தரை போலக் கெட்டியாக இருக்கும். உலகத்திலேயே வேகமான கார்கள் அங்கே சாதனைக்காக ஓடின. இங்கிலாந்து வீரர் மால்கம் காம்ப்பெல் 1935-ம் ஆண்டு மார்ச் மாதம் அந்த மணலில் மணிக்கு 276 மைலுக்கு மேல் பறந்தார். அதற்குப் பிறகு அவர் யூட்டா மாநிலத்தின் உப்புத் தரைக்குப் போய்விட்டார். அங்கே இன்னும் வேகமாக ஓட்டலாம். மற்ற வீரர்களும் அவர் பின்னால் போனார்கள். டேடோனா நகரத்துக்கு வருமானம் போயிற்று.

நகர சபையார் யோசித்தார்கள். 1936-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி, அதே கடற்கரையில் சாதாரணக் கார்களுக்குப் பந்தயம் வைத்தார்கள். ஒரு பக்கம் மணல். மறு பக்கம் தார் ரோடு. இரண்டையும் சேர்க்கும் வளைவில் கார்கள் மணலில் புதைந்தன. புதைந்த காரைத் தூக்க வந்த வண்டிகளும் புதைந்தன! பந்தயத்தை முடிவதற்கு முன்பே நிறுத்தினார்கள். நகர சபைக்குப் பெருத்த நஷ்டம்.

அந்தப் பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தவர் ஓர் உள்ளூர் மெக்கானிக். ஆறு அடி ஐந்து அங்குல உயரம். பெயர் பில் பிரான்ஸ். பெயர்தான் பிரான்ஸ், ஆள் அமெரிக்கர்! வாஷிங்டன் நகரத்தில் பிறந்தவர். பிழைப்புத் தேடி மனைவியோடும் கைக் குழந்தையோடும் டேடோனாவுக்கு வந்தவர். பெட்ரோல் பங்க் நடத்தினார்.

நகர சபை கைவிட்ட பந்தயத்தை 1938-ம் ஆண்டில் இவர் கையில் எடுத்தார். கடல் அலை எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று பார்த்துப் பந்தயத்துக்கு நேரம் குறிக்க வேண்டும். தாமதமானால் கார் ஓட வேண்டிய இடத்தில் கடல் வந்துவிடும்! டிக்கெட் வாங்காமல் புதர் வழியாக நுழைகிறவர்கள் தொல்லை வேறு. பிரான்ஸ் புதர்களின் ஓரத்தில் பலகை வைத்தார். "விஷப் பாம்புகள் உண்டு! ஜாக்கிரதை!" கூட்டம் வாசல் வழியாக வந்தது.

பணத்தோடு ஓடிய ஆசாமிகள்

இரண்டாவது உலகப் போர் முடிந்ததும் பந்தயங்கள் பெருகின. கூடவே மோசடியும் பெருகியது. பந்தயம் நடத்துவோம் என்று விளம்பரம் செய்வார்கள். பெரிய பரிசு என்பார்கள். ஜனங்கள் டிக்கெட் வாங்குவார்கள். பந்தயம் முடியும் நேரத்தில், வசூல் பெட்டியோடு ஆசாமி மறைந்துவிடுவார்! ஜெயித்தவர் புழுதி படிந்த முகத்தோடு வெறும் கையைப் பார்த்துக் கொண்டு நிற்பார். ஊருக்கு ஒரு விதி. ஆளுக்கு ஒரு சாம்பியன்.

1947-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி, டேடோனாவில் ஸ்ட்ரீம்லைன் ஓட்டலின் மேல் மாடியில் சுமார் 35 பேர் கூடினார்கள். கூட்டியவர் பில் பிரான்ஸ். கார் ஓட்டுகிறவர்கள், மெக்கானிக்குகள், பந்தயம் நடத்துகிறவர்கள் எல்லாரும் வந்தார்கள். சாராயக் கடத்தலில் சம்பந்தப்பட்டவர்களும் அதில் உண்டு. எல்லோருக்கும் ஒரே விதி, ஒழுங்கான பரிசு, காயம் அடைந்தவர்களுக்கு உதவி — இவற்றுக்காக ஒரு சங்கம் அமைப்பது என்று முடிவாயிற்று. தலைவர் பில் பிரான்ஸ்.

ஸ்டாக் கார் பந்தய தேசிய சங்கம் என்ற பொருள்பட, முதல் எழுத்துகளைச் சேர்த்து "நாஸ்கார்" என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொன்னவர், இரு தரப்புக் கார்களையும் பழுது பார்த்த அதே மெக்கானிக் ரெட் வோட்!

1948-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி டேடோனா கடற்கரையில் சங்கத்தின் முதல் பந்தயம். ஜெயித்தவர் ரெட் பைரன். அவர் போரில் குண்டு வீசும் விமானத்தில் போனவர். இடது கால் சிதைந்துவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கால் சரியாக மடங்காது. ஆகவே கிளச் மிதியில் கால் நழுவாமல் இருக்க இரும்புப் பிடி ஒன்றைப் பொருத்தினார்கள். அதில் காலை மாட்டிக் கொண்டு ஓட்டி ஜெயித்தார்! கார் பார்க்சுடையது. என்ஜின் வேலை ரெட் வோட்டுடையது. 1949-ம் ஆண்டிலும் பைரன்தான் சாம்பியன்.

ஸ்பிரிங் காட்டிக் கொடுத்தது

1949-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி. வட கரோலினாவில் ஷார்லட் நகரம். முக்கால் மைல் மண் வட்டம். 200 சுற்று. அச்சு அசல் கடைக் கார்களுக்கு மட்டும் என்று நாஸ்கார் நடத்திய முதல் பந்தயம் அதுதான். எதையும் மாற்றக் கூடாது என்பது விதி. முதல் பரிசு 2,000 டாலர்.

33 கார்கள் கிளம்பின. புழுதிப் படலம் சூரியனை மறைத்தது.

லீ பெட்டி என்பவர் பியூக் கார் ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தார். குடும்பத்தார் எல்லாம் அந்தக் காரில்தான் வந்தார்கள். பந்தயத்தில் கார் உருண்டு நொறுங்கியது. பெட்டி பிழைத்தார். ஆனால் வீட்டுக்குப் போவது எப்படி? இரவல் கொடுத்தவருக்கு என்ன பதில் சொல்வது? பதினொரு வயது மகன் ரிச்சர்ட் எல்லாவற்றையும் பார்த்துக் கொண்டிருந்தான். பிற்காலத்தில் 200 பந்தயங்களில் வென்று, பந்தய உலகமே "ராஜா" என்று அழைத்த ரிச்சர்ட் பெட்டி அந்தப் பையன்தான்!

அன்று முதலில் வந்தவர் கிளென் டனவே. அவரிடம் சொந்தக் கார் இல்லை. ஓட்ட ஏதாவது கார் கிடைக்குமா என்று மைதானத்துக்கு வந்தவர். ஒருவர் தம்முடைய 1947-ம் வருடப் போர்டைக் கொடுத்தார். ஓட்டினார். மற்றவர்களைப் பின்னே விட்டு வந்து சேர்ந்தார். கூட்டம் ஆரவாரம் செய்தது.

பந்தய அதிகாரி காரின் அடியில் குனிந்து பார்த்தார். பின் ஸ்பிரிங்குகளுக்கு முட்டுக் கொடுத்து விறைப்பாக்கி இருந்தது! சாராயம் கடத்துகிற கார்களில் செய்யும் அதே வேலை. அந்தக் கார் சில நாட்களுக்கு முன்பு வரை சாராயம் சுமந்த கார் என்பது பிறகு தெரிந்தது.

"விதி மீறல்! வெற்றி செல்லாது!" என்று அறிவித்தார்கள்.

டனவேக்கு அந்த ஸ்பிரிங் சங்கதி தெரியாது. 2,000 டாலர் கைக்கு வந்து நழுவிவிட்டது. பரிசு இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பருக்குப் போயிற்று. ரோப்பர் ஆயிரம் மைலுக்கு அப்பால் கான்சாஸ் மாநிலத்துக்காரர். பத்திரிகையில் வந்த படக்கதை ஒன்றில் இந்தப் பந்தயம் பற்றிக் குறிப்பிட்டிருந்ததைப் பார்த்துக் கிளம்பி வந்தவர்!

கார்ச் சொந்தக்காரர் சும்மா இருக்கவில்லை. 10,000 டாலர் நஷ்டஈடு கேட்டு நாஸ்கார் மீது வழக்குப் போட்டார். நீதிபதி தள்ளுபடி செய்துவிட்டார். விதி வகுக்கவும், அதன்படி நடத்தவும் சங்கத்துக்கு உரிமை உண்டு என்பது தீர்ப்பு.

பில் பிரான்சுக்கு அது முக்கியமான தீர்ப்பு. சட்டத்தை ஏமாற்றிப் பழகியவர்களை வைத்துக் கொண்டு, சட்டப்படி பந்தயம் நடத்த முடியும் என்று அவர் காட்ட வேண்டி இருந்தது. முதல் நாளே விட்டுக் கொடுத்திருந்தால் சங்கம் நிலைத்திருக்காது.

கணவன் காரை நொறுக்கிய மனைவி

பெண்களும் அந்தக் காலத்திலேயே ஓட்டினார்கள். ஷார்லட்டில் ஓடியவர்களில் சாரா கிறிஸ்டியன் ஒருவர். அதே ஆண்டு பிட்ஸ்பர்க் நகரத்துக்கு அருகே நடந்த பந்தயத்தில் அவர் ஐந்தாவதாக வந்தார்.

லூயிஸ் ஸ்மித் என்ற பெண்மணி, கணவன் வாங்கிய புதுப் போர்டு காரை எடுத்துக் கொண்டு டேடோனாவுக்குப் போனார். வேடிக்கை பார்க்கப் போவதாகத்தான் பேச்சு. அங்கே ஆசை விடவில்லை. பந்தயத்தில் இறங்கிவிட்டார். கார் உருண்டு நொறுங்கியது. பஸ் ஏறி ஊர் திரும்பினார். "கார் எங்கே?" என்று கணவன் கேட்டார். "வழியில் ரிப்பேர். விட்டு வந்தேன்" என்றார் மனைவி. கணவன் கையில் இருந்த பத்திரிகையைக் காட்டினாராம். நொறுங்கிக் கிடந்த காரின் படம் அதில் வந்திருந்தது!

குரங்கும் ஓடியது. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் உண்மை. 1953-ம் ஆண்டில் டிம் பிளாக் என்ற வீரர், தம்முடைய காரில் பக்கத்து இருக்கை ஒன்றில் ஒரு குரங்கை வைத்துக் கட்டிக் கொண்டு ஓட்டினார். பெயர் ஜாக்கோ பிளாக்கோ. அதற்குத் தனி உடுப்பு உண்டு. ஒரு பந்தயத்தில் குரங்கும் வீரரும் சேர்ந்து ஜெயித்தார்கள். மே மாதம் 30-ந் தேதி ராலே நகரத்தில் குரங்கு கட்டு அவிழ்த்துக் கொண்டது. பயந்து போய் வீரரின் கழுத்தைப் பிடித்துக் கொண்டது! காரை நிறுத்திக் குரங்கை இறக்கிவிட்டு வருவதற்குள் இரண்டாம் இடம் போயிற்று. மூன்றாவதுதான் வர முடிந்தது. அத்தோடு ஜாக்கோவுக்கு ஓய்வு.

மீன் குட்டைக்காக வளைந்த மைதானம்

தென் கரோலினாவில் டார்லிங்டன் என்ற சிற்றூர். அங்கே ஹெரால்டு பிரேசிங்டன் என்பவர் வேர்க்கடலைத் தோட்டத்தில் தார் போட்ட பந்தய மைதானம் கட்டினார். ஊரார் சிரித்தார்கள். நிலம் கொடுத்தவர் ஒரு நிபந்தனை போட்டார்: "ஓரத்தில் இருக்கும் என் மீன் குட்டையைத் தொடக் கூடாது!" குட்டையைத் தொடாமல் ஒரு பக்கத்தை ஒடுக்கினார்கள். மைதானம் முட்டை வடிவத்தில் அமைந்துவிட்டது. இன்றும் அப்படியே இருக்கிறது.

1950-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி அங்கே 500 மைல் பந்தயம். 75 கார்கள்! பெரிய கார்கள் சீறிப் பாய்ந்தன. வெயிலும் தாரும் சேர்ந்து டயர்களைத் தின்றன. டயர் மேல் டயர் வெடித்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களின் கார்களில் இருந்துகூட டயர்களைக் கழற்றி வாங்கினார்கள் என்று சொல்வார்கள்.

ஜானி மாண்ட்ஸ் என்பவர் சிறிய பிளிமத் கார் ஓட்டினார். வந்த கார்களில் வேகம் குறைந்த காரில் அதுவும் ஒன்று. ஆனால் அவர் லாரிக்குப் போடும் கெட்டியான டயர் போட்டிருந்தார். நிதானமாகச் சுற்றிக் கொண்டே இருந்தார். மற்றவர்கள் டயர் மாற்றிக் கொண்டிருந்தார்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடிய பந்தயத்தில் ஆமை ஜெயித்தது!

61 மணி நேரம் காத்த வெற்றி

கடற்கரையில் வீடுகள் பெருகின. 1958-ம் ஆண்டோடு மணல் பந்தயம் முடிந்தது. பில் பிரான்ஸ் கடன் வாங்கி, டேடோனாவில் இரண்டரை மைல் மைதானம் கட்டினார். வளைவுகளில் தரை 31 டிகிரி சாய்வு. வீட்டுக் கூரை மாதிரி! அந்தச் சாய்வுக்கு மண் வேண்டும் அல்லவா? மைதானத்தின் நடுவிலேயே தோண்டினார்கள். தோண்டிய பள்ளம் ஏரி ஆயிற்று.

1959-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி அங்கே முதல் 500 மைல் பந்தயம். கடைசிக் கோட்டை மூன்று கார்கள் ஒரே வரிசையில் தாண்டின. அதில் ஒரு கார் சுற்றில் பின்தங்கியது. போட்டி மற்ற இருவருக்குள்தான். ஒருவர், பத்து ஆண்டுகளுக்கு முன்பு இரவல் காரை நொறுக்கிய லீ பெட்டி. இன்னொருவர் ஜானி பீச்சம்.

"பீச்சம் வெற்றி!" என்றார்கள். பெட்டி ஒப்புக் கொள்ளவில்லை. "கோட்டைத் தாண்டும்போது எடுத்த படம் யாரிடமாவது இருந்தால் கொண்டு வாருங்கள்" என்று பிரான்ஸ் கேட்டார். புகைப்படங்கள் வந்தன. செய்திப் படச் சுருளும் வந்தது. உற்று உற்றுப் பார்த்தார்கள். பெட்டியின் கார் சுமார் இரண்டு அடி முன்னால் இருந்தது! பந்தயம் முடிந்து 61 மணி நேரம் கழித்துப் பெட்டிக்கு வெற்றி கிடைத்தது. அதுவரை நாடெங்கும் பத்திரிகைகள் இதைப் பற்றியே எழுதின. பந்தயத்துக்குக் காசில்லாத விளம்பரம்!

அடுப்பு மூட்டப் போனவர்

வட கரோலினாவில் வில்க்ஸ் மாவட்டம். ஜூனியர் ஜான்சன் அங்கே பிறந்தவர். தகப்பனார் சாராயம் காய்ச்சுவதில் பெயர் பெற்றவர். 1935-ம் ஆண்டில் அவர்கள் வீட்டில் நடந்த சோதனையில், அதுவரை எங்கும் பிடிபடாத அளவுக்குச் சாராயம் பிடிபட்டது. அப்போது ஜூனியருக்கு நான்கு வயது.

பதினான்கு வயதில் அவரும் சாராயக் கார் ஓட்டினார். ஓடுகிற வேகத்திலேயே காரை அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பி, துரத்தி வருகிற போலீஸ் காருக்கு நேராகவே பாய்ந்து தப்புவதில் அவருக்கு இணை இல்லை. ரோட்டில் அவரைப் பிடிக்க யாராலும் முடியவில்லை. 1955-ம் ஆண்டு நாஸ்கார் பந்தயங்களில் ஐந்தில் வென்றார்.

மறு ஆண்டு பிடிபட்டார். காரில் அல்ல, கால்நடையாக! தகப்பனாரின் சாராய அடுப்பை மூட்டுவதற்காகக் காட்டுக்குள் போனார். அதிகாரிகள் பதுங்கி இருந்து பாய்ந்தார்கள். இரண்டு ஆண்டு தண்டனை. பதினொரு மாதம் ஜெயிலில் இருந்தார்.

வெளியே வந்தவர் மீண்டும் பந்தயத்தில் இறங்கினார். 1960-ம் ஆண்டு டேடோனாவில் அவருடைய செவர்லே கார் மற்றவர்களின் பாண்டியாக் கார்களைவிட வேகம் குறைவு. ஆனால் பயிற்சியின்போது அவர் ஒன்றைக் கண்டார். வேகமான காரின் வாலை ஒட்டிப் போனால், முன் கார் காற்றைக் கிழித்துக் கொடுக்கிறது. பின் கார் சுலபமாக இழுபட்டுப் போகிறது! அந்த வித்தையிலேயே பந்தயத்தை ஜெயித்தார். இன்று எல்லா வீரர்களும் செய்வது அதுதான்.

மொத்தம் 50 வெற்றிகள். 1986-ம் ஆண்டு டிசம்பரில் ஜனாதிபதி ரீகன், ஜான்சனின் பழைய சாராயக் குற்றத்துக்கு மன்னிப்பு அளித்தார். ஜான்சன் 2019-ம் ஆண்டில் தமது 88-வது வயதில் காலமானார்.

கோப்பை எங்கே?

சாராயம் கடத்திய எல்லோருக்கும் பந்தய உலகம் கதவைத் திறந்தது. ஒருவருக்கு மட்டும் பாதிதான் திறந்தது.

அவர் வெண்டல் ஸ்காட். வர்ஜீனியா மாநிலத்தில் டான்வில் ஊர். கருப்பு இனத்தவர். டாக்சி ஓட்டினார். மெக்கானிக் வேலை செய்தார். சாராயமும் கடத்தினார். 1952-ம் ஆண்டில் உள்ளூர்ப் பந்தயம் நடத்தியவர்கள், கருப்பர் ஒருவரை ஓட்ட வைத்தால் கூட்டம் சேரும் என்று நினைத்தார்கள். "வேகமாக ஓட்டுகிற கருப்பர் யார்?" என்று போலீசாரிடம் கேட்டார்கள். போலீசாருக்குத்தானே தெரியும்! ஸ்காட் பெயரைச் சொன்னார்கள்.

பிறகு சில மைதானங்களில் அவரை உள்ளேயே விடவில்லை. காரை இழுத்துக் கொண்டு போவார். வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். ஓடும்போது வேண்டும் என்றே இடிப்பார்கள். அவர் பொறுத்துக் கொண்டார். மற்றவர்கள் ஓட்டிக் கழித்த பழைய கார், பழைய டயர், பழைய என்ஜின் இவைதான் அவருடைய முதல். டயர் மாற்ற ஆள் வைக்கப் பணம் இல்லை. பெற்ற பிள்ளைகளே டயர் மாற்றினார்கள்.

1963-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி. புளோரிடாவில் ஜாக்சன்வில் மைதானம். அரை மைல் மண் வட்டம். 200 சுற்று. முன்னணியில் இருந்த ரிச்சர்ட் பெட்டியின் கார் தடுமாறியது. ஸ்காட் அவரைத் தாண்டினார். 200 சுற்றையும் முடித்தார்.

வெற்றிக் கொடி ஆடவில்லை!

இன்னும் ஓட வேண்டுமோ என்று ஸ்காட் தொடர்ந்து ஓட்டினார். 202 சுற்று ஆகிவிட்டது. கொடி வேறு ஒருவருக்கு ஆடியது. அவர் பக் பேக்கர். ஸ்காட்டுக்கு இரண்டு சுற்று பின்னால் வந்தவர். கோப்பையை அவரிடம் கொடுத்தார்கள். அழகு ராணி அவருக்கு முத்தம் கொடுத்தாள். படம் எடுத்தார்கள். கூட்டம் கலைந்தது.

ஸ்காட் விடவில்லை. கணக்கைச் சரி பார்க்கச் சொன்னார். பல மணி நேரம் கழித்து அதிகாரிகள் வந்தார்கள். "கணக்கில் பிழை. நீங்கள்தான் வெற்றி பெற்றீர்கள்" என்றார்கள். அப்போது மைதானத்தில் யாரும் இல்லை. பேக்கர் கோப்பையோடு போய்விட்டார். அழகு ராணி வெள்ளைக்காரப் பெண். ஒரு கருப்பர் அவள் பக்கத்தில் நின்று முத்தம் வாங்குவதை அந்த ஊர்க் கூட்டம் பொறுக்காது என்று அஞ்சியே இப்படிச் செய்தார்கள் என்பது ஸ்காட் குடும்பத்தாரின் வாதம்.

பரிசுப் பணம் 1,000 டாலர் கொடுத்தார்கள். கோப்பை? பிறகு ஒரு நாள் சாதாரண மரக் கட்டையில் செய்த ஒன்றைக் கொடுத்தார்கள். அசல் கோப்பை வரவே இல்லை. லீ பெட்டிக்காக 61 மணி நேரம் படங்களைத் தேடிப் பார்த்த சங்கம், ஸ்காட் விஷயத்தில் அந்த அக்கறையைக் காட்டவில்லை.

அவர் மொத்தம் 495 நாஸ்கார் பந்தயங்களில் ஓடினார். அந்த ஒன்றில்தான் முதல் இடம். 1973-ம் ஆண்டில் டலடேகா மைதானத்தில் நடந்த பெரிய விபத்தில் அவருக்குப் பலத்த காயம். அதற்குப் பிறகு ஓட்டம் ஏறக்குறைய முடிந்தது. 1990-ம் ஆண்டு டிசம்பரில் காலமானார். 2015-ம் ஆண்டில்தான் நாஸ்கார் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது.

2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். டேடோனா மைதானத்தில் பந்தயத்துக்கு முன்பு ஸ்காட்டின் குடும்பத்தாரை மேடைக்கு அழைத்தார்கள். ஜாக்சன்வில் வெற்றிக்கான கோப்பையைப் புதிதாகச் செய்து, அவர்கள் கையில் கொடுத்தார்கள். பந்தயம் முடிந்து 57 ஆண்டுகளும் எட்டு மாதங்களும் ஆகி இருந்தன. ஒரு காலத்தில் தகப்பனாருக்கு டயர் மாற்றிக் கொடுத்த பிள்ளைகளின் தலை நரைத்திருந்தது.